இயற்கை நெல்லில் களை: முதல் 40 நாள்

களைக்கொல்லி இல்லாத வயலில் பாதி வேலை நடவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சேற்றுழவு செய்ததும் நட்டுவிடாதீர்கள். வயலை ஈரமாக மட்டும் வைத்து 7 முதல் 10 நாள் விடுங்கள். மேல்மண்ணில் கிடக்கும் களை விதை முளைக்கும். அதை மறுபடி மிதித்து உழுது மடக்கி, பரம்படித்துச் சமப்படுத்துங்கள். மேடு நின்றால் அங்கே தண்ணீர் நிற்காது, களை அங்கேதான் முதலில் தலை தூக்கும்.

14 நாள் நாற்றை 25-க்கு 25 செ.மீ. சதுரத்தில் கயிறு கட்டி நடுங்கள். வரிசை கோணினால் கோனோவீடர் (வரிசைகளுக்கு நடுவே கையால் தள்ளி ஓட்டும் உருளைக் களைக் கருவி) ஓட்ட முடியாது. கூலி மிச்சம் என்று கண்போக்கில் நடுவது பிறகு இரட்டைச் செலவு.

நட்ட 10-ம் நாளில் கோனோவீடரின் முதல் ஓட்டம். பிறகு 10 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு. நீளவாக்கிலும் குறுக்காகவும் முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டும். தண்ணீர் 2 செ.மீ. அளவு போதும். காய்ந்தால் உருளை சுற்றாது, அதிகம் நின்றால் களை புதையாமல் மிதந்து மறுபடி வேர்பிடிக்கும். முதல் ஓட்டத்தைத் தள்ளிப்போட்டால் கருவி பயன்படாது, வேர் ஆழமாகிவிடும்.

தூருக்குள் ஒளியும் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். நெல்லைப் போலவே நிற்கும் குதிரைவாலிப் புல்லை ஏமாறாமல் கண்டுபிடிக்க, இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள்: நெல்லில் மெல்லிய வெள்ளைச் சவ்வும் ரோமக் கொக்கியும் இருக்கும், புல்லில் அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். கதிர் விடும் முன் பிடுங்கி வரப்புக்கு வெளியே போடுங்கள்.