தமிழ் வகுப்பில் கத்தாமல் அமைதி கொண்டுவருவது எப்படி?

மொரீஷியஸ் தொடக்கப் பள்ளியில் மொழிப்பாட நேரம் வந்தால் என்ன நடக்கும் என்று இங்கே கற்பிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்திக்கு ஒரு கூட்டம், உருதுக்கு ஒரு கூட்டம், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலுக்கு ஒரு கூட்டம். மூன்று வகுப்பறைகளிலிருந்து தமிழுக்காக என்னிடம் வரும் 22 பிள்ளைகள் உட்கார்ந்து முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். "சிலான்ஸ்!" (அமைதி!) என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இப்போது செய்வதை எழுதுகிறேன்.

1. வாசலில் நில்லுங்கள். பெயர் சொல்லி வணக்கம், கையில் அரைத் தாள். தாளில் உள்ள வேலையை யாரிடமும் கேட்காமல் செய்ய முடிய வேண்டும். நான் முதலில் "உன் குடும்பத்தைப் பற்றி மூன்று வரி எழுது" என்று கொடுத்தேன். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள் வரிசையாக வந்து "மிஸ், கி பிஸின் ஃபேர்?" (என்ன செய்ய வேண்டும்?) என்றார்கள். இப்போது ஒரு மாம்பழப் படம், கீழே நான்கு எழுத்து. முதலெழுத்தை வட்டமிட வேண்டும். அவ்வளவுதான்.

2. அமைதிக்கு அடையாளமாக ஓர் ஒலியை முடிவுசெய்யுங்கள். பூஜை மணி வேண்டாம். நான் அடித்ததும் ஒரு பையன் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டான், வகுப்பே சிரித்தது. சத்தத்துக்கேற்ப நிறம் மாறும் கைபேசிச் செயலியும் வேண்டவே வேண்டாம்; சிவப்பு வரவைக்கப் போட்டி போட்டுக் கத்துவார்கள். கோலாட்டக் குச்சி இரண்டு போதும். இரண்டு தட்டு, நிறுத்து.

3. காத்திருங்கள். நான் மாதக்கணக்கில் சறுக்கியது இங்கேதான். தட்டியதும் பாதிப் பேர் அடங்குவார்கள், நான் பேசத் தொடங்கிவிடுவேன். மீதிப் பேர் பேச்சுக்கு மேல் என் குரல் ஏறும், என் குரலுக்கு மேல் அவர்கள் குரல் ஏறும். இரைச்சலில் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை 1911-லேயே பிரெஞ்சு மருத்துவர் எதியன் லோம்பார் எழுதியிருக்கிறார். ஆகவே கடைசிக் குரலும் ஓயும்வரை வாயைத் திறக்காதீர்கள். முதல் வாரம் அது ஒரு யுகமாகத் தெரியும். சாக்குக்கட்டியை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருங்கள். பிறகு வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் தொடங்குங்கள்.

4. தனியாகக் கண்டியுங்கள். ஸ்கேலைத் தட்டிக்கொண்டே இருந்த ஒருவனைப் பெயர் சொல்லி அதட்டியபோது அவனுக்கு 21 ரசிகர்கள் கிடைத்தார்கள். பக்கத்தில் போய்க் குனிந்து, "ஸ்கேல் பைக்குள்ளே, அப்புறம் மூன்றாவது கேள்வி" என்றேன். வேலை முடிந்தது.

பின்சேர்க்கை: நாற்காலி இழுபடும் சத்தம் தாங்கவில்லை என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். பழைய டென்னிஸ் பந்தைக் கீறி நாற்காலிக் கால்களில் மாட்டுங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது குச்சிச் சத்தம் கேட்பதில்லை என்றார் இன்னொருவர். உண்மைதான். அன்றைக்கு நான் கையை உயர்த்தி நிற்பேன். பார்த்தவர் எல்லாம் கையை உயர்த்த வேண்டும். கடைசியாகப் பார்ப்பவன் பெரும்பாலும் நம் ஸ்கேல்காரன்தான்.