கல்யாண டிஸ்க் ஓடுகிறது, சினிமா டிஸ்க் ஓடவில்லை: லினக்ஸில் டிவிடி பார்க்க

அத்தையின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை. நான்காவது வாரம் இரவு ஒன்பதரைக்கு ஃபோன்.

“ஏண்டி, என் டிவிடி ஒண்ணையும் இந்தப் பெட்டி ஏத்துக்க மாட்டேங்குது.”

“ஒண்ணு கூடவா அத்தை?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “உன் கல்யாண டிஸ்க் மட்டும் ஓடுது.”

அந்த ஒரு வரியில் நோய் பிடிபட்டுவிட்டது. கல்யாண டிஸ்க் ஓடுகிறது என்றால் டிரைவ் நன்றாக இருக்கிறது, பிளேயர் நன்றாக இருக்கிறது, டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 வீடியோவை விரிக்கத் தேவையானதும் உள்ளே இருக்கிறது. மிச்சம் இருப்பது பூட்டு. வீடியோ எடுத்தவர் டிஸ்க்கைப் பூட்டிக் கொடுப்பதில்லை. சினிமா டிஸ்க் பெரும்பாலும் பூட்டித்தான் வரும். எனவே உங்களுக்கும் முதல் வேலை இதுதான். வீட்டில் எழுதிய வீடியோ டிஸ்க் ஒன்றைத் தேடிப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் அடுத்த பத்தியைத் தாண்டி நேரே பூட்டுக்கு வந்துவிடலாம்.

அதுவும் ஓடவில்லை என்றால் டிரைவைக் கவனிக்க வேண்டும். கமாண்ட் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி (பஸ்ஸில் வரும் பி), எல், கே என்ற ஐந்து எழுத்தைச் சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். (கமாண்டுகளை அத்தைக்கு ஃபோனில் சொன்னபடி உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.) வரும் பட்டியலில் ‘எஸ்ஆர்0’ என்று ஒரு வரி இருந்தால் கணினிக்கு டிரைவ் தெரிகிறது. இல்லையென்றால் மென்பொருளில் எதைத் தோண்டினாலும் பயனில்லை, கேபிளைப் பாருங்கள். வெளியே மாட்டும் யுஎஸ்பி டிரைவ்களில் மின்சாரம் போதாமல் போவது சகஜம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூடுதலாகக் கேட்கும் டிரைவ்கள் உண்டு. ஹப்பில் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். டிரைவ் தெரிந்தும் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் உங்கள் பயனர் பெயர் ‘சிடிரோம்’ என்ற குழுவில் இல்லை என்று பொருள். சேர்த்துவிட்டு, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

சரி, பூட்டு. அதன் பெயர் சிஎஸ்எஸ், அதாவது கன்டென்ட் ஸ்கிராம்பிள் சிஸ்டம். படத்தின் தரவைக் கலைத்துப்போட்டு, திறக்கும் சாவியைச் சாதாரணமாகப் படிக்க முடியாத இடத்தில் டிஸ்க்கிலேயே ஒளித்து வைத்திருப்பார்கள். உரிமம் வாங்கிய பிளேயர்தான் அதை எடுக்கலாம் என்பது ஏற்பாடு. லினக்ஸுக்கு அப்படி உரிமம் பெற்ற பிளேயர் கிடைக்காத காலத்தில், 1999இல், நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையன் இன்னும் இருவரோடு சேர்ந்து இந்தப் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற நிரலை வெளியிட்டான். வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் விடுதலை. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை. சாவியின் நீளம் 40 பிட் மட்டுமே என்பதாலும், வடிவமைப்பே பலவீனம் என்பதாலும், இன்றைய கணினிக்கு இதைத் திறப்பது பெரிய வேலையே இல்லை. வெறுமனே சாத்திவைத்த கதவு மாதிரிதான். ஆனால் சாத்தியிருப்பதைத் திறப்பதையே சில நாடுகளின் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அதில் முக்கியமானது. அதனால்தான் பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற தொகுப்புகள்) பூட்டைத் திறக்கும் மென்பொருளை முன்கூட்டியே வைத்துத் தருவதில்லை. உங்கள் நாட்டில் எப்படி என்று பார்த்துக்கொண்டு போடுங்கள்.

கோளாறு பூட்டுதான் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால், சினிமா டிஸ்க்கைப் போட்டு ஓடவிட்டு, டெர்மினலில் ‘சூடோ டிஎம்இஎஸ்ஜி’ தட்டுங்கள். (‘சூடோ’வுக்கு எஸ், யு, டி, ஓ; நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்.) கடைசி வரிகளில் ‘ரீட் ஆஃப் ஸ்கிராம்பிள்ட் செக்டர் வித்அவுட் ஆதென்டிகேஷன்’ என்று இருக்கும். சாவி காட்டாமல் பூட்டிய பகுதியைப் படிக்க வந்தாய், நான் விடவில்லை என்று டிரைவ் சொல்கிறது. பிளேயர் காட்டும் ‘திறக்க முடியவில்லை’யை விட இந்த வரி எனக்குப் பிடிக்கும், கோளாறைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

மருந்து ஒரே ஒரு நூலகம் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் துண்டு): லிப்டிவிடிசிஎஸ்எஸ். விஎல்சி பிளேயரைச் செய்யும் வீடியோலான் குழுவினருடையது. அத்தையின் கணினி உபுண்டு வகை என்பதால் வழி இது: ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் லிப்டிவிடி-பிகேஜி’. ‘ஏபிடி’க்கு ஏ, பென்சிலில் வரும் பி, டேபிளில் வரும் டி. கடைசிச் சொல்லில் ‘லிப்’புக்கு எல், ஐ, பஸ்ஸில் வரும் பி, இடைவெளி விடாமல் டி, வி, டி, ஒரு சிறு கோடு, பிறகு பென்சிலில் வரும் பி, கே, ஜி. தேடினால் கிடைக்கவில்லை என்று வந்தால் உபுண்டுவில் ‘மல்டிவர்ஸ்’, டெபியனில் ‘கான்ட்ரிப்’ என்ற களஞ்சியத்தை (மென்பொருள் இறக்கும் கிடங்கு) முதலில் இயக்க வேண்டும்.

இந்த இடத்தில் அத்தையோடு கால் மணி நேரம் போனது. கோளாறு எதுவும் இல்லை. முதலில் பாஸ்வேர்ட். “தட்டுறேன், ஒண்ணும் விழ மாட்டேங்குதே” என்றார். விழாது, டெர்மினலில் பாஸ்வேர்ட் தட்டினால் நட்சத்திரம் கூட வராமல் இருப்பது வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு தட்டி என்டர் அழுத்தச் சொன்னேன். அடுத்து டெர்மினலுக்குள்ளேயே வண்ணப் பின்னணியில் ஒரு பெட்டி வந்து நிறைய ஆங்கிலம் பேசியது. அதில் ‘ஓகே’ என்று இருக்கிறது, ஆனால் மவுஸ் அதன்மேல் வேலை செய்யவில்லை. அத்தை பத்துப் பதினைந்து தடவை கிளிக் செய்திருப்பார், எனக்கே ஃபோனில் கேட்டது. டேப் விசையை அழுத்தினால் ‘ஓகே’ நிறம் மாறும், அப்புறம் என்டர். தானாகப் புதுப்பித்துக்கொள்ளவா என்று கேட்டால் ஆம் சொல்லிவிடுங்கள்.

பலரும் இத்தோடு நிறுத்திவிட்டு, “போட்டேன், ஓடவில்லை” என்பார்கள். இப்போது போட்டது பூட்டைத் திறக்கும் நூலகம் அன்று; அதைக் கொண்டுவரும் ஆள்தான். மூல நிரலை வீடியோலான் தளத்திலிருந்து இறக்கி, உங்கள் கணினியிலேயே கட்டி நிறுவுவது அதன் வேலை. அதற்கு உத்தரவு கொடுக்க இரண்டாவது கமாண்ட்: ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லிப்டிவிடி-பிகேஜி’. மறுபடி அதே பெட்டி, அதே டேப், அதே என்டர். திரையில் எழுத்து சரசரவென்று ஓடும், இணையம் வேண்டும், வேறு எதையும் தொட வேண்டாம்.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தின் ‘டெயின்டெட்’ என்ற தனிப் பிரிவைச் சேர்த்துவிட்டு லிப்டிவிடிசிஎஸ்எஸ்ஸை நிறுவ வேண்டும். ஆர்ச்சில் ஒரே வரி: பேக்மேனிடம் பெயரைச் சொன்னால் முடிந்தது.

இனி விஎல்சியைத் திறந்து, மீடியா மெனுவில் ‘ஓப்பன் டிஸ்க்’, அதில் டிவிடி, பிறகு பிளே. விஎல்சியை விநியோகத்தின் வழக்கமான பேக்கேஜாகவே நிறுவியிருப்பது நல்லது. ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற தனிப்பொதி முறைகள் வழியாக வரும் விஎல்சி தன் கூண்டுக்குள் வாழ்வது. நீங்கள் வெளியே கஷ்டப்பட்டு நிறுவிய நூலகம் அதன் கண்ணில் படாது. நான் ஒரு தடவை என் சொந்தக் கணினியில் இதில் மாட்டி ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்தது, திறந்த விஎல்சிதான் வேறு.

முதல் தடவை படம் உடனே வராது. ஒவ்வொரு பகுதிக்கும் சாவியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். டெர்மினலிலிருந்து திறந்தால் ‘கெட் கீ ஃபார்’ என்று வரிவரியாக ஓடுவதைப் பார்க்கலாம். கண்டுபிடித்த சாவிகளை உங்கள் ஹோம் ஃபோல்டரில் ‘.டிவிடிசிஎஸ்எஸ்’ என்ற மறைவான ஃபோல்டரில் சேமித்து வைப்பதால் அடுத்த தடவை சீக்கிரம் ஓடும். ஒரு படம் நேற்று ஓடி இன்று கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால், டிஸ்க்கைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்த ஃபோல்டரை அழித்துப் பாருங்கள். மீண்டும் உருவாகிவிடும். மெனுவில் போய் மாட்டிக்கொள்ளும் டிஸ்க்குகளுக்கு, ‘ஓப்பன் டிஸ்க்’ பெட்டியிலேயே ‘நோ டிஸ்க் மெனுஸ்’ என்று ஒரு கட்டம் உண்டு. டிக் செய்தால் நேரே படத்துக்குப் போகும்.

பொறுமை இல்லாமல் ஃபைல் மேனேஜரில் ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் ‘விஓபி’ ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். அத்தை செய்தார். பச்சையும் சாம்பலுமாகச் சதுரங்கள் நடனமாடின. டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதை ஓரமாக வைத்துவிட்டார், பாவம். ஒரு ஃபைல் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பதால் படமே பல துண்டாகத்தான் இருக்கும். எந்தத் துண்டு எந்த வரிசை என்பது பக்கத்தில் இருக்கும் ‘ஐஎஃப்ஓ’ ஃபைல்களில் எழுதியிருக்கும். டிஸ்க்கை டிஸ்க்காகவே திறங்கள்.

இத்தனைக்கும் பிறகு அத்தையின் அலமாரியில் ஒரே ஒரு டிஸ்க் மட்டும் பிடிவாதம் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்தது. அங்கேதான், எந்தப் பகுதி டிஸ்க் எந்தப் பகுதி டிரைவில் ஓடலாம் என்று சொல்லும் மண்டலக் குறி வருகிறது. டிவிடி உலகில் 1 முதல் 6 வரை நிலப்பகுதிகளுக்கு, 8 விமானம், கப்பல் போன்றவற்றுக்கு. 2000க்குப் பிறகு வந்த டிரைவ்கள் எந்த மண்டலம் என்பதைத் தங்களுக்குள்ளேயே நினைவு வைத்திருக்கும். லினக்ஸை அழித்துப் போட்டாலும் அது மாறாது. ‘ரீஜன்செட்’ என்ற சிறு நிரலை நிறுவி, டிரைவில் டிஸ்க்கை வைத்து, ‘சூடோ ரீஜன்செட்’ என்று தட்டி, இடைவெளி விட்டு டிரைவின் முகவரியைக் கொடுத்தால் (சாய்கோடு, டெவ், சாய்கோடு, எஸ்ஆர்0) இப்போதைய மண்டலமும் இன்னும் எத்தனை தடவை மாற்றலாம் என்பதும் தெரியும்.

மொத்தம் ஐந்தே தடவைதான் மாற்றலாம். ஐந்தாவது எதுவோ அது நிரந்தரம். அதனால் பார்ப்பதற்கு மட்டும் திறந்து, மாற்றவா என்று கேட்டால் முதல் தடவை ‘என்’ அழுத்தி வெளியே வாருங்கள். மண்டலமே நிர்ணயிக்கப்படாத புது டிரைவ் என்றால், வீட்டில் எந்த மண்டல டிஸ்க்குகள் அதிகமோ அதை ஒரு தடவை கொடுத்துவிடலாம். பல சமயம் கோளாறு அதுவாகவே இருக்கும். மற்றபடி, டிரைவ் சாவி தர மறுத்தாலும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் தரவைப் பார்த்தே சாவியைக் கணிக்க முயலும். டிரைவைப் பொறுத்தது. அத்தையின் டிரைவில் அது பலிக்கவில்லை. ஒரு டிஸ்க்குக்காக மண்டலத்தை மாற்ற நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

படம் ஓடத் தொடங்கியதும் அடுத்த புகார்: ஆள் நகர்ந்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு. பழைய டிவி முறையில் ஒரு ஃபிரேமை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பார்கள், அதன் வடு. விஎல்சியில் டி விசையை ஒரு தடவை அழுத்தினால் டீஇன்டர்லேஸ் வேலைக்கு வந்து கோடு மறையும்.

ப்ளூ-ரே வேறு கதை. அதன் பூட்டு ஏஏசிஎஸ்; இத்தனை எளிதில் திறக்காது. லிப்ஏஏசிஎஸ் என்ற நூலகம் உண்டு, ஆனால் சாவிகளை அது கணிக்காது. ஹோம் ஃபோல்டரின் ‘.கான்ஃபிக்’ உள்ளே ‘ஏஏசிஎஸ்’ ஃபோல்டரில் ‘கீடிபி’ என்ற ஃபைலில் நீங்கள்தான் சாவிகளைத் தர வேண்டும். அதில் இல்லாத புதுப் படம் ஓடாது. நான் மேக்எம்கேவி கொண்டு டிஸ்க்கை எம்கேவி ஃபைலாக மாற்றித்தான் பார்க்கிறேன். அது திறந்த மூல மென்பொருள் இல்லை, அவ்வப்போது சாவியைப் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும், ஆனாலும் வேலை நடக்கிறது. அத்தையிடம் ப்ளூ-ரே இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்றிரவு பதினொன்றே முக்காலுக்கு மறுபடி ஃபோன். படம் முடிந்துவிட்டதாம், டிஸ்க் வெளியே வர மறுக்கிறதாம், பொத்தானை அழுத்தி அழுத்தி விரலே வலிக்கிறதாம். விஎல்சி இன்னும் திறந்திருந்தது. அது டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை தட்டு திறக்காது. மூடச் சொன்னேன். அப்புறம் டெர்மினலில் ‘எஜெக்ட்’ என்று ஒரு சொல். ஃபோனிலேயே தட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் அத்தை.