வாரண்டியில் மாற்று இன்ஜின்: கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வாரண்டியிலேயே இன்ஜினை மாற்றித் தருகிறோம்" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னவுடன் வரும் நிம்மதியில், எந்த இன்ஜின், எதுவரை பொறுப்பு என்று கேட்காமலே பலர் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். வருவது புத்தம்புதிய இன்ஜினாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மறுஉற்பத்தி செய்த இன்ஜினைப் பொருத்தவும் பல நிறுவனங்களின் விதிகள் இடம் கொடுக்கின்றன. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். பழைய இன்ஜினை முழுவதும் பிரித்து, கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, தேய்ந்தவற்றை மாற்றி, தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்து சோதித்து அனுப்புவதே மறுஉற்பத்தி. பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து (போர் போட்டு) பிஸ்டன், ரிங் மாற்றும் வேலையை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுடன் முழுமையாக வருகிறதா, பிளாக், கிராங்க், பிஸ்டன் அடங்கிய கீழ்ப்பகுதி மட்டும் வந்து பழைய ஹெட்டையே மேலே பூட்டப்போகிறார்களா என்பதை எழுதி வாங்காமல் விடுவது பெரிய தவறு.

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது தனியாக ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அப்படித் தண்ணீரில் நின்றுபோன காரை அங்கேயே மீண்டும் ஸ்டார்ட் செய்தால், ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் போன நீர், காற்றைப்போல் அமுங்காமல், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். இது தயாரிப்புக் குறை ஆகாது என்பதால் வாரண்டியில் வராது. இன்சூரன்ஸில் இன்ஜினுக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் அங்கே கேட்கலாம்.

இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சம்மதம் கேட்டு நீட்டும் தாளில், நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் பிரித்த கூலி யார் தலையில் விழும் என்று பாருங்கள். சர்வீஸ் பில்கள் அத்தனையையும் முன்பே திரட்டி வையுங்கள்.

என் காரின் இன்ஜினைப் பிரித்த அன்று, மெக்கானிக் ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். ஜரிகைத் தூள்போல் மின்னியது. பேரிங்குகள் அரைபட்டு உதிர்ந்த உலோகத் துகள் அது. பழைய இன்ஜினோடு அது போய்விடுவதில்லை. ஆயில் கூலரிலும் டர்போவின் ஆயில் குழாயிலும் தங்கியிருந்து, மாற்றிய இன்ஜினின் பேரிங்கையும் விரைவிலேயே தின்னத் தொடங்கும். பழைய கூலரை அப்படியே மாட்ட ஒப்புக்கொள்ளவே கூடாது. நான் கேட்ட பிறகுதான் எஸ்டிமேட்டில் ஆயில் கூலர் சேர்ந்தது. கேட்காதவர்களின் கார்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

இன்ஜின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருப்பதால், பிளாக் மாறினால் எண்ணும் மாறும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, முன் அனுமதியின்றி இன்ஜினை மாற்றியவர் 14 நாட்களுக்குள் தாம் வசிக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்திக்கொள்ள வேண்டும். கடலூரில் குடியிருந்துகொண்டு டி.என். 31 காரைப் புதுச்சேரியில் சர்வீஸுக்கு விடுபவர்கள் போக வேண்டியது கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே. சர்வீஸ் சென்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், பின்னாளில் காரை விற்கும்போது, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த எண் ஆர்.சி.யோடு பொருந்தாமல், நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். புதிய பிளாக்கில் பழைய எண்ணையே குத்தித் தருகிறோம் என்றால், அலுவலக ஒப்புதல் இல்லாமல் சம்மதிக்காதீர்கள். கழற்றிய இன்ஜின் நிறுவனத்துக்கே திரும்பிப் போகக்கூடும் என்பதால், அதன் எண்ணை முன்பே படம் எடுங்கள். கார் கடன் பாக்கியிருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும், பிறகு பாலிசியில் எண் திருத்தமும் தேவை.

மாற்று இன்ஜினுக்கு வாரண்டி புதிதாகத் தொடங்கும் என்று எண்ணுவதும் தவறு; காரின் வாரண்டியில் மிச்சமிருக்கும் காலமே அதற்கும் என்பது பரவலான விதி. முதல் ஆயில் மாற்றம் எத்தனை கிலோமீட்டரில் என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பிணக்கு முற்றினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். சர்வீஸ் சென்டர் புதுச்சேரியில் இருந்தாலும், கடலூரில் வசிப்பவர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் வழிசெய்திருக்கிறது.