நான்ஜிங் வீதியில் எப்படி நடப்பது: ஹட்டன் கடைக்காரன் ஒருவனின் யோசனை

இலங்கை மலையகத்து ஹட்டனில் எனக்கு ஒரு பேன்சிக் கடை. கிளிப், வளையல், பிளாஸ்டிக் பூ, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். கொள்முதலுக்கு சீனாவில் யிவு என்ற ஊருக்குப் போவேன். திரும்பும்போது ஷங்காயில் ஒரு இரவு தங்குவது வழக்கம். அப்படி மூன்று தடவை அங்கே பெரிய கடைத்தெருவான நான்ஜிங் வீதியில் நடந்திருக்கிறேன். முதல் தடவை நன்றாக ஏமாந்தேன். அது பிறகு வருகிறது. சீனா போகிறேன் என்று யாராவது கடைக்கு வந்தால், பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து இதைத்தான் சொல்லி அனுப்புவேன்.

விசா எடுப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே கூகுள், வாட்ஸ்அப், பேஸ்புக் எதுவும் சாதாரணமாக வேலை செய்யாது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வாட்ஸ்அப் வரும், வீட்டோடு பேசலாம். காசு கட்டுவதற்கு அலிபே என்ற போன் செயலி. அதை ஹட்டனிலேயே போனில் போட்டு, பாஸ்போர்ட்டைப் பதிந்து, வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண் நம் ஊர் நம்பருக்குத்தான் வரும், அங்கே போய் அது வரவில்லையென்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். நான் கடைசியாகப் போனபோது 200 யுவானுக்குள் செலவழித்தால் மேலதிகக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் நூற்றுக்கு 3 வீதம். ஒரு யுவான் நமக்கு 40 ரூபாவுக்கு மேல், மனதில் பெருக்கிக்கொண்டே நடங்கள். கொஞ்சம் தாள் காசும் இருக்கட்டும், ஆனால் சின்னக் கடையில் மிச்சக்காசு தேடுவதற்குள் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

வழி சுலபம். மெட்ரோ 2ஆம் இலக்கப் பாதை ஒன்றே போதும். யிவுவிலிருந்து ரயிலில் ஹோங்சியாவோ வந்தாலும் சரி, விமானத்தில் புடோங்கில் இறங்கினாலும் சரி, அதே பாதை வீதிக்குக் கீழேயே கொண்டுவந்து விடும். நான்ஜிங் கிழக்கு வீதி என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்காதீர்கள். அதற்கு முன்னோ பின்னோ, நீங்கள் வரும் திசையைப் பொறுத்து, மக்கள் சதுக்கம் என்ற நிலையம் வரும். அங்கே இறங்கி, மாலை நான்கு ஐந்து மணி போல மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்கே நடக்கத் தொடங்குங்கள். அப்போதுதான் இருட்டும் நேரத்துக்கு ஆற்றங்கரையில் இருப்பீர்கள். நான் இரண்டாம் தடவை எதிர்ப்பக்கமாக நடந்து, விளக்கெல்லாம் முதுகுக்குப் பின்னால் எரிய, கால் வலியோடு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாகனமில்லாத இந்த நடை வீதி 1999இல் திறந்தது. கீழ்த்தளக் கடைகளைப் பார்த்தால் கொழும்பில் இருக்கிற பிராண்டுகள்தான். கழுத்தை நிமிர்த்தி மேலே பாருங்கள். பழைய காலத்து நான்கு பெரிய கடைகளின் கட்டடங்கள் அங்கே நிற்கின்றன: 1917இல் திறந்த சின்சியர், அடுத்த வருஷம் அதற்கு எதிரிலேயே திறந்த விங் ஒன், 1926இல் வந்த சன் சன், 1936இல் வந்த தி சன். இதில் எனக்குப் பிடித்த கதை, சின்சியரையும் விங் ஒன்னையும் தொடங்கியவர்கள் கன்டன் பக்கத்துக் கிராமத்து ஆட்கள், பிழைப்புக்காக அவுஸ்திரேலியா போய் சிட்னியில் வாழைப்பழ வியாபாரம் செய்தவர்கள் என்பது. அங்கே பெரிய கடைகளில் பொருளுக்கு ஒரே விலை எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்து, அதே முறையை முதலில் ஹொங்கொங்குக்கும் பிறகு இங்கேயும் கொண்டுவந்தார்கள். பேரம் கிடையாது. நான் இருபது வருஷமாகக் கடை நடத்துகிறேன், ஹட்டனில் அதைச் செய்து காட்டட்டும் பார்க்கலாம்!

இந்த வீதியில்தான் 1925 மே 30ஆம் திகதி, ஆர்ப்பாட்டம் செய்த மாணவர்கள் மேல் வெள்ளைக்காரன் நடத்திய பொலிஸ் சுட்டது. அந்தப் பொலிஸில் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்த சீக்கியர்களும் இருந்தார்கள். நம் ஆட்களைத் தேயிலை மலைக்கு ஏற்றிய அதே கை அவர்களை இங்கே இறக்கியிருக்கிறது. அதை நினைத்தபடி கொஞ்ச நேரம் ஓரமாக நின்றேன்.

சரி, விலைச் சீட்டுக்கு வருவோம். எண் 8 போட்டு, பக்கத்தில் ஒரு சீன எழுத்தும் இருந்தால் நூற்றுக்கு 8 கழிவு என்று நினைக்காதீர்கள், 80 என்றும் நினைக்காதீர்கள். விலையில் பத்தில் எட்டுப் பங்கை நீங்கள் கட்ட வேண்டும் என்று அர்த்தம். அதாவது கழிவு நூற்றுக்கு 20தான். எண் சின்னதாக இருந்தால்தான் உங்களுக்கு லாபம். அப்புறம் மிட்டாய், உலர்பழம், தேயிலை எல்லாம் அநேகமாக 500 கிராமுக்குத்தான் விலை எழுதியிருப்பார்கள், அவர்களுடைய ஜின் என்ற அளவு அது. கிலோ என்று நினைத்து இரண்டு கிலோ கட்டச் சொன்னால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

சாப்பாட்டில் ஷென் தாசெங் என்ற பழைய பலகாரக் கடை இருக்கிறது. பச்சை நிறத்தில் உருண்டையாக ஒன்று விற்பார்கள், கடித்தால் நம் கொழுக்கட்டையேதான், உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம். ஆனால் சைவக்காரர்கள் கவனம், அந்த இனிப்புப் பூரணத்தில்கூடப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. வரிசையில் நின்று வாங்குகிற சூடான நிலாப் பணியாரத்துக்குள் இருப்பது பன்றி இறைச்சியேதான். முழுச்சைவம் வேண்டுமென்றால் மேற்குப் பக்க நான்ஜிங் வீதியில் 1922இலிருந்து நடக்கிற குங்தெலின் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள்.

இனி என் வெட்கக்கேடு.

முதல் தடவை. இரண்டு பெண் பிள்ளைகள், தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். நல்ல ஆங்கிலம். எந்த நாடு என்று கேட்டார்கள். ஸ்ரீலங்கா என்றேன். "ஓ, தேயிலை!" என்று ஒருத்தி கை தட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துச் சந்தில் தேநீர்ச் சடங்கு நடக்கிறது, நாங்களும் அங்கேதான் போகிறோம், வாருங்களேன் என்றார்கள். மாடியில் சின்ன அறை. சன்னல் இல்லை. பட்டு உடுத்த ஒருத்தி முட்டை ஓடு அளவுக் கிண்ணங்களில் ஆறு வகை ஊற்றினாள். ஒரு வகையின் இலையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தேன். தூளாகப் போனது, வாசமே இல்லை. பழைய சரக்கு. என் அம்மா 38 வருஷம் தலவாக்கலைப் பக்கம் கொழுந்து பறித்தவர், எனக்கு அதுகூடத் தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, மரியாதை பார்த்தேன். பில் 1,200 யுவான். பிள்ளைகள் பாதியைக் கட்டுவதுபோல் கட்டினார்கள், மீதியை நான் கட்டினேன். என் பங்கு மட்டும் நம் காசில் இருபத்தையாயிரத்துக்கு மேல். கொழுந்துக்காரி மகனுக்கே தேயிலை விற்றுவிட்டார்கள்.

அதனால் அந்த வீதியில் தானாக வந்து ஆங்கிலம் பேசி தேநீருக்கோ ஓவியக் கண்காட்சிக்கோ கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு சிரிப்பு மட்டும் போதும், நடையை நிறுத்தாதீர்கள். உள்ளே போய்விட்டீர்கள் என்றால் விலை எழுதிய அட்டையைப் பார்க்காமல் கிண்ணத்தைத் தொடாதீர்கள். மாட்டிக்கொண்டால் போனில் 110 அழுத்தி அவர்களுக்குக் காட்டுங்கள், பொலிஸ் நம்பர். கூச்சம் பார்த்தால் காசு போகும்.

கிழக்கு முனையில் பச்சைக் கூரையோடு நிற்பது 1929இல் சசூன் என்ற பெரிய வியாபாரி கட்டிய ஹோட்டல், இப்போது பீஸ் ஹோட்டல். அதைத் தாண்டினால் ஆறு, எதிர்க்கரையில் 632 மீற்றர் ஷங்காய் கோபுரம். இரவு பத்து மணி போல விளக்குகளை அணைத்துவிடுவார்கள், பிந்தாதீர்கள். ஒக்டோபர் முதல் வாரம் அவர்களுக்குத் தேசிய விடுமுறை, கூட்டம் தாங்காது, அந்தப் பக்கமே போகாதீர்கள். கூட்டம் விளையாட்டில்லை, 2014 டிசம்பர் 31 இரவு புதுவருஷம் பார்க்க வந்த கூட்டத்தில், அந்தக் கரையில் நெரிசலில் 36 பேர் செத்தார்கள்.

வீட்டுக்கு என்ன வாங்குவது? பிள்ளைகளுக்கு முயல் படம் போட்ட பால் டொபி, உள்தாளையும் சேர்த்துச் சாப்பிடலாம், அரிசித்தாள். நான் மூன்றாம் தடவை பெரிய உணவுக் கடை ஒன்றில் விலையைப் பார்த்து, முகர்ந்து, லோங்ஜிங் பச்சைத் தேயிலை நூறு கிராம் வாங்கினேன். தட்டையான இலை, வறுத்த பயறு வாசம். அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னாடா இது, சாயமே எறங்கல."

இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்து முடித்துவிட்டு, நல்ல தேத்தண்ணி ஒன்று ஊற்றச் சொன்னார்.