கார்டிலிருந்து டிஐ வரைக்கும்: ஃபுட்டேஜைத் தொலைக்காமல் கொண்டுபோவது

"தம்பி, ஏலம் நாப்பது செகண்டுதான் இருக்கு. மீதி எங்க?"

சாலிகிராமத்திலிருந்து எடிட்டர் அண்ணன் போனில் இப்படிக் கேட்டபோது நான் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் இருந்தேன். காசிமேட்டில் விடியுமுன்னே எடுத்த மீன் ஏலம் அது. கட் இல்லாமல் 4 நிமிஷம் ஓடிய ஒரே ஷாட். கேமராவின் மெமரி கார்டை ஏற்கெனவே ஃபார்மேட் பண்ணியாகிவிட்டது. கார்டில் எடுத்ததை எடிட்டிங் வழியாக டிஐ (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கடைசிக் கட்டம்) வரை பத்திரமாகக் கொண்டுபோவது பற்றி அந்த ராத்திரி கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். கார்டு ரீடரை எங்கே செருகுவது, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரை எப்படி இன்ஸ்டால் செய்வது என்பதற்குள் எல்லாம் போகவில்லை.

முதலில் இடக் கணக்கு

கேமரா மெனுவில் டேட்டா ரேட்டைப் பாருங்கள். நொடிக்கு எத்தனை எம்பியோ (மெகாபைட்), அதை 3.6-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 100 எம்பி என்றால் 360 ஜிபி. இரண்டு காப்பிக்கு 720. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் ஷூட்டுக்கு முன்பே இந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். "1 டிபி டிஸ்க் ஒண்ணு போதாதா?" என்று கேட்பார். போதாது, இரண்டு காப்பியும் தனித்தனி டிஸ்கில் இருக்க வேண்டும்.

கார்டுக்கு இரண்டு டப்பா

எடுத்த கார்டுக்குச் சிவப்பு டேப், காலி கார்டுக்குப் பச்சை டேப் என்பது பல செட்டில் உள்ள வழக்கம். கடற்கரை ஈரத்திலும் கை வியர்வையிலும் அந்த டேப் உரிந்துவிடுகிறது. அதனால் அம்மாவிடம் இரண்டு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். எவர்சில்வர் டப்பாவில் இருந்தால் எடுத்த கார்டு, பிளாஸ்டிக்கில் இருந்தால் காலி. எவர்சில்வரில் இருப்பதை என்னைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது, கேமராமேனே ஆனாலும்.

காப்பி

மவுஸால் இழுத்துப் போட்டுக் காப்பி எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் போய்ச் சேர்ந்ததா என்று கம்ப்யூட்டர் திரும்பிப் பார்க்காது. செக்சம் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. கார்டில் உள்ள ஃபைலுக்கும் டிஸ்கில் உள்ளதற்கும் கைரேகை ஒத்துப்போனால்தான் காப்பி முடிந்ததாக அர்த்தம்.

இலவசமாக வேண்டும் என்றால் டாவின்சி ரிசால்வின் மீடியா பக்கத்திலுள்ள குளோன் டூல் போதும். ஒரே வேலையில் கார்டிலிருந்து இரண்டு டிஸ்குக்கும் அனுப்பலாம். அதன் மெனுவில் செக்சம் எம்டி5 (செக்சமில் ஒரு வகை) என்று இருக்கிறதா பாருங்கள். 'பிரிசர்வ் ஃபோல்டர் நேம்' டிக் ஆகியிருக்க வேண்டும். காசு போட முடிந்தால் ஆஃப்ஷூட் வாங்குங்கள் (முன்பு ஹெட்ஜ் என்ற பெயரில் வந்தது). நான் அதற்கு மாறிவிட்டேன். விண்டோஸ்காரர்களுக்கு டெராகாப்பியும் பரவாயில்லை, வெரிஃபை ஆனில் இருந்தால்.

இரண்டாவது டிஸ்குக்கு முதல் டிஸ்கிலிருந்து காப்பி எடுக்க வேண்டாம். முதலாவதில் செய்த தப்பு அப்படியே இரண்டாவதுக்கும் போய்விடும். எனக்கு நடந்தது அதுதான்.

கேபிளையும் கவனியுங்கள். பழைய யூஎஸ்பி 2 கேபிளில் நொடிக்கு 35 எம்பி போனாலே பெரிது, 256 ஜிபி கார்டுக்கு 2 மணி நேரம் ஆகும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருந்தால் நடுவில் கரண்ட் போவது ஆபத்து. அந்த ஃபார்மேட்டில் ஜர்னலிங் கிடையாது, பாதி எழுதியதைச் சரிசெய்துகொள்ள அதற்கு வழி இல்லை. தனி அடாப்டர் கேட்கும் பெரிய டிஸ்கை விட, லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் எஸ்எஸ்டிதான் என் தேர்வு. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறவரை அதற்கும் உயிர் இருக்கும்.

நான் விழுந்த குழி

ரெட் (RED) கம்பெனி கேமராவின் கார்டைத் திறந்தால் .ஆர்டிஎம் என்று முடியும் ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஷாட்டுக்கு ஒன்றாக .ஆர்டிசி ஃபோல்டர்கள், அவற்றுக்குள்தான் .ஆர்3டி ஃபைல்கள். நீளமான ஷாட்டை கேமரா ஒரே ஃபைலாக எழுதாது. சுமார் 4 ஜிபி சேர்ந்ததும் அடுத்த துண்டுக்குப் போய்விடும். பெயரின் கடைசியில் _001, _002 என்று இருப்பது அதற்காகத்தான். நாங்கள் எடுத்த செட்டிங்கில் ஒரு துண்டுக்கு 40 செகண்டு வந்தது. 4 நிமிஷ ஏலத்துக்கு 6 துண்டு.

இது தெரியாத நான், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் எதற்கு என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, 'ஏலம் நல்லது', 'ஏலம் கூட்டம்', 'ஏலம் மிச்சம்' என்று ஆசை ஆசையாகப் பெயர் வைத்தேன். எடிட்டருக்கு வசதியாக இருக்குமே என்ற நினைப்பு! சாஃப்ட்வேர் முதல் துண்டைத் திறந்து, அதே பெயரில் _002 இருக்கிறதா என்று தேடும். இல்லாததால் 40 செகண்டோடு நின்றுவிட்டது.

ஃபைல் அழியவில்லை என்பதால் பிழைத்தேன். ஒவ்வொரு ஃபைலும் எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தி, கேமரா அசிஸ்டென்ட் ரிப்போர்ட் ஷீட்டில் எழுதியிருந்த கிளிப் எண்ணோடு ஒப்பிட்டு, பழைய முறையிலேயே பெயரைத் திரும்ப வைத்தேன். முடிக்கும்போது பால்காரர் வந்துவிட்டார்.

கார்டில் இருந்ததை இருந்தபடியே விடுங்கள். உங்கள் ஆசைக்கு வெளியே ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளலாம்: நாள்03, அதற்குள் ஏ_கேமரா, அதற்குள் கார்டு. 'ஏலம் நல்லது' என்று எழுதத்தான் வேண்டும் என்றால் ரிசால்வில் கமென்ட்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஏ007_சி003 என்று தொடங்கும் பெயர் பார்க்க அழகாக இருக்காதுதான். ஆனால் எந்தக் கேமரா, எத்தனையாவது கார்டு, எத்தனையாவது ஷாட், எந்தத் தேதி என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது.

பிராக்ஸி

பிராக்ஸி என்பது எடிட்டிங்குக்காக எடுக்கும் சின்ன சைஸ் காப்பி. ரிசால்வோடு வரும் பிராக்ஸி ஜெனரேட்டருக்கு ஃபோல்டரைக் காட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். பிராக்ஸியின் பெயரும் டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) ஒரிஜினலோடு ஒத்திருந்தால்தான் டிஐயில் ரீலிங்க் ஆகும், அதாவது பிராக்ஸிக்குப் பதில் ஒரிஜினல் வந்து உட்காரும், இங்கேயும் பெயர் மாற்ற வேண்டாம்.

ஃபிரேம் ரேட்டை மட்டும் தொடக்கத்திலேயே பாருங்கள். கேமராவில் 23.976 வைத்து எடுத்துவிட்டு பிராஜெக்டை 24-ல் திறந்து ஓட்டினால், மணிக்கு 3.6 செகண்டு சவுண்டு விலகும். சின்ன ஷாட்டில் கண்ணுக்கே தெரியாது, நீளமான பேட்டியில் உதடும் பேச்சும் தனித்தனியாகப் போகும். ஃபுட்டேஜை உள்ளே போட்ட பிறகு ரிசால்வ் பிராஜெக்டின் டைம்லைன் ரேட்டை மாற்ற விடாது.

பின்னர் சேர்த்தது: திருவொற்றியூரிலிருந்து ஒருவர், தன் டிஸ்கை விண்டோஸில் திறந்தால் ஒவ்வொரு கிளிப்பும் இரண்டாகத் தெரிகிறது, ஒன்று ஓடவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் இருக்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார். எக்ஸ்ஃபேட் டிஸ்கில் மேக் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் குட்டி ஃபைல்கள் அவை, சில கேபிதான் இருக்கும். ஃபுட்டேஜ் இல்லை, பயப்பட வேண்டாம். அழிப்பதாக இருந்தால் அளவைப் பார்த்துவிட்டு அழியுங்கள், அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் பெரியதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

டிஸ்க் புறப்படும்போது

வடசென்னையில் படம் எடுப்பார்கள். எடிட்டிங், டிஐ என்றால் சாலிகிராமம், வடபழனிப் பக்கம்தான் போக வேண்டும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் வடபழனி. ஸ்டேஷன் ஸ்கேனரில் பையை வைத்தால் டிஸ்க் அழிந்துவிடுமா என்று என் அசிஸ்டென்ட் ஒவ்வொரு தடவையும் பயப்படுகிறான். எக்ஸ்ரே ஹார்டு டிஸ்கை ஒன்றும் செய்யாதுடா. பையை ஆட்டோவில் மறந்துவிட்டு இறங்குவதுதான் செய்யும். அதனால் இரண்டு டிஸ்கும் ஒரே பையில் போகாது, ஒன்று வீட்டு பீரோவிலேயே இருக்கும்.

வாடகைக் கார்டை அன்றைக்கே திருப்பித் தர வேண்டியிருந்தால், செக்சம் ஒத்துப்போன இரண்டு காப்பி கையில் வந்ததும் ஃபார்மேட் பண்ணலாம். சொந்தக் கார்டு என்றால் நான் அவசரப்படுவதில்லை. சாலிகிராமத்தில் டிஸ்கைத் திறந்து, கிளிப் எண்ணிக்கையைப் பார்த்து, நீளமான ஷாட் ஒன்றைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு எடிட்டர் அண்ணன் போன் பண்ணுவார். அதற்குப் பிறகுதான் கார்டு எவர்சில்வர் டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும்.