உறைந்து உருகிய ஊசி

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜில் வைக்கும் புரத ஊசி மருந்துகளில், பயிற்சிக்கு வரும் பார்மசி பிள்ளைகள், நான் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைத் தவறாமல் செய்கிறார்கள். காலாவதித் தேதி பார்ப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் கவுண்டருக்கே வரக் கூடாது.

எல்லாமே ‘எதிர்ப்புச் சக்தி ஊசி’ அல்ல

நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்வது சைட்டோகைன் என்னும் சிறு புரதங்களால். 1957இல் ஐசக்ஸும் லிண்டென்மானும் அறிவித்த இன்டர்ஃபெரான் அவற்றில் ஒன்று. வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்லை அதைக் கொண்டு எச்சரிக்கிறது. கீமோதெரபிக்குப் பின் போடும் ஃபில்கிராஸ்டிம், வெள்ளணுக்களைப் பெருக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குப் போகும் சேதி. முடக்குவாதத்துக்கான அடலிமுமாப் நேரெதிர். டிஎன்எஃப் என்ற சேதியை வழியிலேயே மறிக்கும். அதை வாங்க வந்த ஆச்சியிடம், “சத்து ஊசி” என்று சொல்லி அனுப்பினான் ஒரு பையன்.

காசநோய்ப் பரிசோதனை பற்றிக் கேட்காதது

உறங்கும் காசக் கிருமியை வளைத்து அடைத்துவைக்க உதவுவதும் அந்த டிஎன்எஃப்தான். அதை மறித்தால் கிருமி எழுந்துகொள்ளலாம். பரிசோதனை ஆயிற்றா என்று கேளுங்கள்.

உறைய விடுவது

அப்போது வேறொருவர் கடையில் வேலை. அக்னி நட்சத்திரம். ராதாபுரத்துக்காரர் ஒருவருக்கு அடலிமுமாப் கொடுத்தேன். பஸ்ஸில் சூடாகிவிடுமோ என்று பயந்து, ஃப்ரீசரில் கல்லாய் இறுகிய ஜெல் பாக்கெட் இரண்டுக்கு நடுவே ஊசியைச் சொருகிக் கட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பனி. “உருகினால் சரியாகிவிடும்தானே, அண்ணாச்சி?” என்று போனில் கேட்டார்.

ஆகாது. நீர் உறையும்போது புரதம் மிச்சமிருக்கும் திரவத்தில் நெருக்குண்டு, மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த மருந்துகள் வேலை செய்வதே அந்த மடிப்பின் வடிவத்தால்தான். ஒட்டிய திரள்களை அந்நியமாகக் கருதி, மருந்துக்கு எதிராகவே உடல் ஆன்டிபாடி உண்டாக்கவும் கூடும். பால் திரிந்தால் கண்ணுக்குத் தெரியும்; இதுவோ உருகியபின் தெளிந்த தண்ணீராகவே நிற்கலாம். வேறு ஊசி கொடுத்தோம். பணத்தை முதலாளி மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்.

2 முதல் 8 டிகிரி என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. எல்லோரும் 8ஐத்தான் பார்க்கிறார்கள், 2ஐப் பார்ப்பாரில்லை. போன மாதம்கூட ஒரு பிள்ளை, ஃப்ரிட்ஜின் பின்சுவரில் ஒட்டி ஆறு பெட்டிகளை அடுக்கியிருந்தாள். நடுத்தட்டில் வையுங்கள். ஜெல் பாக்கெட் வியர்க்கும்வரை வெளியே கிடக்கட்டும். பிறகு துண்டில் சுற்றி, ஊசிப் பெட்டியைத் தொடாமல் வையுங்கள்.

குலுக்குவது

இருமல் சிரப் அல்ல.

எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே பதில்

இன்டர்ஃபெரான் போட்ட அன்று காய்ச்சலும் உடம்புவலியும் வருவது வழக்கம். அந்தச் சேதியின் குணமே அது. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் கதை வேறு. பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள்; ஆட்டோ பிடித்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.