பேட்டரியைச் செருகும் முன்: ட்ரோன் திடலில் முதல் நாள்

ட்ரோன் திடலுக்கு முதன்முதலாகப் போன அன்று, ஓரமாக உட்கார்ந்து பையைப் பிரித்து ட்ரோனை எடுத்தேன், பேட்டரியைச் செருகினேன். மோட்டாரைக்கூட ஓட விடவில்லை. ஆனால் அதே நொடியில், திடலின் நடுவே பறந்துகொண்டிருந்த இன்னொருவரின் எஃப்.பி.வி. ட்ரோன் (அதன் கேமரா அனுப்பும் படத்தைத் திரை வைத்த கண்ணாடியில் பார்த்தே ஓட்டும் வகை) தடுமாறி மண்ணில் விழுந்தது. அவர் மாட்டியிருந்த கண்ணாடியில் வானத்துக்குப் பதில் என் காலடிப் புல் தெரிந்திருக்கிறது. இரண்டு ட்ரோனும் ஒரே வீடியோ சேனலில் இருந்தன. அவர் கோபப்படவில்லை. ட்ரோனை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, யார் எந்தச் சேனலில் என்று காட்ட அங்கே மாட்டியிருந்த பலகையைக் காட்டி, "அடுத்த தடவை இதைப் பார்த்துட்டு செருகுங்க" என்றார்.

திடலில் முதலில் பழக வேண்டியது பேட்டரியைச் செருகுவதற்கு முன்னால் செய்யும் வேலைகள்தான் என்று அன்று புரிந்தது. பறக்க விடுவது அதற்கப்புறம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். பல நாடுகளில் 250 கிராம் ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். உயரத்துக்கும் வரம்பு உண்டு, பெரும்பாலும் 120 மீட்டர், அதாவது 400 அடி. கண்ணாடி மாட்டிப் பறக்க விடுபவருக்குப் பக்கத்திலேயே, வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் இருக்கிறது. திடலை நடத்தும் குழுவுக்குத் தனி விதிகள் இருக்கும். உறுப்பினர் அல்லாதவர் வரலாமா, காப்பீடு வேண்டுமா, இறக்கை வைத்த மாதிரி விமானங்களுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எஃப்.பி.வி. பக்கம் போகிறவர்கள் அதற்கும் முன்பாக சிமுலேட்டரில், அதாவது கணினியில் ட்ரோன் ஓட்டிப் பழகும் மென்பொருளில், பழகியே ஆக வேண்டும். கேமரா ட்ரோனில் ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டால் அது நின்ற இடத்தில் நிற்கும். எஃப்.பி.வி. ட்ரோனின் அக்ரோ முறையில் அப்படி இல்லை. சாய்த்த கோணத்திலேயே சாய்ந்து நிற்கும், நீங்களே எதிர்ப்பக்கம் தள்ளி நிமிர்த்த வேண்டும். கை இதைப் பழகப் பல மணி நேரம் ஆகும். திடலில் பயன்படுத்தப்போகும் அதே ரிமோட்டைக் கணினியில் இணைத்துப் பழகுங்கள், விரல்களுக்கு அந்த ஸ்டிக்கின் இறுக்கம் பழகிவிடும். குறைந்தது 10 மணி நேரம் என்பது என் கணக்கு. சிமுலேட்டரில் ஒரு வாசலுக்குள் பத்து முறை விழாமல் போய்வர முடிந்தால் திடலுக்கு வரலாம்.

அப்புறம் ஃபெயில்சேஃப். ரிமோட்டுடன் தொடர்பு அறுந்தால் ட்ரோன் என்ன செய்யும் என்பதை நீங்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும். ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு ட்ரோனை ஆர்ம் செய்யுங்கள் (மோட்டார்களைச் சுழலத் தயாராக்குவது), மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள், ரிமோட்டை அணையுங்கள். எஃப்.பி.வி. ட்ரோனில் மோட்டார்கள் சட்டென்று நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அமைப்பைச் சரிசெய்யும்வரை அந்த ட்ரோன் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. தொடர்பு அறுந்தும் மோட்டார் ஓடும் ட்ரோன் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. பேட்டரி

ட்ரோன்களில் வரும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். பறக்கும்போது 3.5 வோல்ட்டுக்கு வந்தால் இறக்க வேண்டிய நேரம். பயன்படுத்தாமல் எடுத்து வைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 4எஸ் பேட்டரி என்றால் நான்கு செல்: நிறைந்தால் 16.8, இறக்கும்போது 14. 6எஸ் என்றால் 25.2, 21.

சார்ஜ் ஏற்றும் வேகம் 1சி போதும், அதாவது பேட்டரியின் கொள்ளளவு எண்ணுக்கு நிகரான ஆம்பியர். 1500 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 1.5 ஆம்பியர். செல்களைச் சமன் செய்யும் சிறு வயரையும் மறக்காமல் மாட்டுங்கள், எரியாத தரையில் வையுங்கள், ஏறி முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். உப்பிய பேட்டரியை, நசுங்கிய பேட்டரியை ஏற்றவே கூடாது. ஏற்கெனவே பணம் போட்டாயிற்றே என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். இருந்தாலும் அதை ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

பையில் கூடுதல் ப்ரொப்பெல்லர் இரண்டு மூன்று செட், ப்ரொப்பெல்லர் நட்டுக்கான 8 மில்லிமீட்டர் சாவி, அறுகோணச் சாவிகள், பேட்டரியைக் கட்டும் பட்டை இன்னொன்று, குடிக்கத் தண்ணீர். கிளம்பும் காலையில் மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். அமைப்புகள் மாறிப்போய் அன்றைய பொழுதே திடலில் வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

3. திடலுக்குள் நுழைந்ததும்

பையைத் திறக்காமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒழுங்கான திடலில் மூன்று பகுதிகள் இருக்கும்: பொருள்களை வைத்து வேலை பார்க்கும் இடம், பைலட்கள் நிற்கும் கோடு, அதற்கு அந்தப் பக்கம் பறக்கும் வெளி. ட்ரோன் எப்போதும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஆட்கள் நிற்கும் பக்கம், வண்டிகள் நிற்கும் பக்கம், தலைக்கு மேலே, எங்கும் வரக்கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, சூரியன் எங்கே இருக்கிறது, இறக்கை விமானம் விடுகிறவர்கள் எந்தத் திசையிலிருந்து இறக்குகிறார்கள் என்று கவனியுங்கள். நிஜ விமானமோ ஹெலிகாப்டரோ வரும் சத்தம் கேட்டால் எல்லோரும் உடனே தாழ இறக்குவதைப் பார்ப்பீர்கள். அதில் விவாதமே இல்லை, வழி அவர்களுக்குத்தான்.

அப்புறம் ஒருவரிடம் போய், "இன்னைக்குத்தான் முதல் தடவை வர்றேன்" என்று சொல்லுங்கள். உதவி தானாக வரும். கூட நின்று பார்க்கும் ஆளும் அப்படித்தான் கிடைப்பார்.

4. சேனல்: இங்கேதான் நிதானம் வேண்டும்

புதியவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. ட்ரோனின் வீடியோ ஒளிபரப்பு, மோட்டார் ஓடும்போது தொடங்குவதில்லை. பேட்டரியைச் செருகிய உடனேயே தொடங்கிவிடுகிறது. ட்ரோன் உங்கள் மடியில் சும்மா கிடந்தாலும் அது அலையை வீசிக்கொண்டுதான் இருக்கிறது. நான் செய்த தவறு அங்கேதான்.

ரிமோட்டைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம். இப்போதைய ரிமோட்டுகள், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில், நொடிக்குப் பல முறை அலைவரிசை மாறிமாறித் தாவுகின்றன. ஒவ்வொன்றும் தன் ட்ரோனுடன் மட்டும் பேசும். ஒரே திடலில் பத்துப் பேர் ரிமோட்டை இயக்கினாலும் சிக்கல் வராது. வீடியோ அப்படி இல்லை. அது 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரே இடத்தில் நிற்கிறது. அனலாக் வீடியோவில் பரவலாகப் பயன்படும் ரேஸ்பேண்ட் வரிசையில் எட்டு சேனல்கள்: முதலாவது 5658 மெகாஹெர்ட்ஸ், எட்டாவது 5917, நடுவில் ஒவ்வொன்றுக்கும் 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. எட்டு இருக்கிறதே என்று எட்டுப் பேர் ஒன்றாகப் பறந்தால் பக்கத்துச் சேனலின் அலை கசிந்து எல்லோருக்கும் படம் கெடும். நான்கு பேர் என்றால் 1, 3, 6, 8 என்று பிரித்துக்கொள்வது வழக்கம்.

ஆகவே வரிசை இது. பலகையைப் பாருங்கள் அல்லது வாய்விட்டுக் கேளுங்கள்: "மூணு காலியா?" காலி என்றால், அந்தச் சேனலில் நீங்கள் இருப்பதைக் காட்டும் உங்கள் கிளிப்பைப் பலகையில் மாட்டுங்கள். பிறகு ட்ரோனைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் இயக்கி அந்தச் சேனலுக்குப் போங்கள். யாருடைய படமாவது தெரிந்தால் அது காலி இல்லை. வெறும் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் சரி. டிஜிட்டல் அமைப்புகளில் அடுத்தவர் படம் இப்படித் தெரியாது, ஆனால் சேனல்கள் மோதினால் படம் உறையும், உடையும். அதனால் அங்கேயும் கேட்டுத்தான் செருக வேண்டும். கூட்டமாகப் பறக்கும்போது ஒளிபரப்புத் திறனை 25 மில்லிவாட்டில் வையுங்கள். ஒரு திடலுக்குள் அது போதும், அதிகம் வைத்தால் அடுத்தவர் படம்தான் கெடும்.

உங்கள் ட்ரோன் கடைசியாக எந்தச் சேனலில் இருந்தது என்பது முக்கியம். செருகிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், மாற்றும்வரை பழைய சேனலில் ஒளிபரப்பாகிக்கொண்டுதானே இருக்கும்? அதனால் யாரும் பறக்காத நேரம் பார்த்துச் செருகி மாற்றுங்கள்.

5. செருகும் நேரம்

ப்ரொப்பெல்லரில் கீறல் இருக்கிறதா, சுழலும் திசைக்கு ஏற்ற ப்ரொப்பெல்லர்தான் மாட்டியிருக்கிறதா, நட்டு இறுகியிருக்கிறதா, வீடியோ ஆன்டெனா மாட்டியிருக்கிறதா. ஆன்டெனா இல்லாமல் செருகினால் ஒளிபரப்புக் கருவி கெட்டுப்போகும். எல்லாம் சரி என்றால், முதலில் ரிமோட்டை இயக்குங்கள். த்ராட்டில் அடியில், ஆர்ம் சுவிட்ச் அணைந்த நிலையில். அதற்கப்புறம்தான் பேட்டரி. முடிக்கும்போது தலைகீழ்: முதலில் பேட்டரியைப் பிடுங்குங்கள், பிறகு ரிமோட். செருகிய ட்ரோனைத் தரையில் வைத்துக்கொண்டு கதை பேசாதீர்கள், காற்றோட்டம் இல்லாமல் ஒளிபரப்புக் கருவி கொதிக்கும்.

6. கேமரா ட்ரோனுக்கு முதல் பறத்தல்

ஜி.பி.எஸ். உள்ள ட்ரோன் என்றால், புறப்பட்ட இடத்தைப் பதிந்துகொண்டதாக அது சொல்லும்வரை காத்திருங்கள். தானாகத் திரும்பி வரும் உயரத்தைத் திடலின் மிக உயரமான மரத்துக்கு மேல் வையுங்கள். முன்பக்கம் உங்களை விட்டு விலகிப் பார்க்கும்படி வைத்து, நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, அரை நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். நகராமல் நின்றால் மேலே தொடரலாம். முதலில் சதுரமாக ஒரு சுற்று. பிறகு ட்ரோனை உங்களைப் பார்க்கத் திருப்பி அதே சதுரம். இடம் வலம் மாறிவிடும், மூளை திணறும், அதைத்தான் பழக வேண்டும். அதற்குப் பிறகு எட்டு வடிவம். காற்று இருந்தால் போகும்போது எதிர்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். பேட்டரியில் 30 சதவீதம் மிச்சம் இருக்கும்போது இறக்கிவிடுங்கள்.

7. எஃப்.பி.வி.க்கு முதல் பறத்தல்

கேமராவின் சாய்வை 10 முதல் 15 டிகிரிக்குள் வையுங்கள். ட்ரோன் முன்னால் குனிந்துதான் பறக்கும். அதை ஈடுகட்டத்தான் கேமரா மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. சாய்வு அதிகமானால் எதிரே பார்ப்பதற்கே வேகமாகப் பறந்தாக வேண்டும். பழகியவர்களின் 35 டிகிரியைப் பார்த்து முதல் நாளே அப்படி வைக்காதீர்கள்.

கூட நிற்பவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, "ஏத்துறேன்" என்று சத்தமாகச் சொல்லி ஆர்ம் செய்யுங்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றி, மெல்ல முன்னால் சாய்த்து, பெரிய வட்டம் போடுங்கள். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. அவ்வளவுதான் முதல் பேட்டரி. ஐந்து அங்குல ப்ரொப்பெல்லர் உள்ள ட்ரோனில் ஒரு பேட்டரி மூன்று முதல் ஐந்து நிமிடம் வரும், ரிமோட்டில் மூன்று நிமிட மணி வைத்துவிடுங்கள். த்ராட்டிலை ஏற்றினால் வோல்ட் சட்டென்று தாழும், இறக்கினால் கொஞ்சம் மீளும். மீண்ட எண்ணை நம்பி இன்னொரு சுற்று போகாதீர்கள்.

படத்தில் புள்ளி அடிக்கத் தொடங்கினால் அப்போதே திரும்புங்கள். படம் முழுவதும் போய்விட்டால், அல்லது கூட நிற்பவர் "நிறுத்து" என்றால், டிஸ்ஆர்ம், அதாவது மோட்டார்களை நிறுத்திவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம். காலி வெளியில் விழுந்த ட்ரோனைச் சரிசெய்துகொள்ளலாம். கண் தெரியாமல் பறக்கும் ட்ரோன் ஆளின் மேல் போய் விழலாம்.

8. விழுந்த பிறகு

விழும், கட்டாயம் விழும். முதல் வேலை டிஸ்ஆர்ம். புல்லில் சிக்கிய ப்ரொப்பெல்லரைச் சுழற்ற முயலும் மோட்டார் சில நொடிகளில் எரிந்துபோகும். தலைகீழாகக் கிடந்தால், மோட்டார்களை எதிர்த்திசையில் சுழற்றும் ஆமை முறையில் புரட்டலாம், ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும், ஓரிரு முறை மட்டும்.

எடுக்கப் போகும் முன் மற்றவர்களிடம் சொல்லுங்கள். "பறக்கிற இடத்துக்குள்ள வர்றேன்" என்ற ஒரு குரல் போதும். அவர்கள் இறக்குவார்கள் அல்லது விலகுவார்கள். ரிமோட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். காணவில்லையென்றால் பஸ்ஸர் ஒலியைக் கேட்டுத் தேடுங்கள், கண்ணாடியில் பதிவான வீடியோவின் கடைசி நொடிகளைப் பாருங்கள். கிடைத்ததும் வேறெதையும் பார்க்காமல் பேட்டரியைப் பிடுங்குங்கள். அது நசுங்கியிருந்தால் பையிலோ வண்டியிலோ வைக்காதீர்கள். ஆட்கள் இல்லாத வெறும் மண் தரையில் தள்ளி வைத்துக் கண்காணியுங்கள். கொஞ்ச நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

உடைந்த ப்ரொப்பெல்லர் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். புல்வெட்டும் இயந்திரத்திலும் வெறுங்காலிலும் சிக்குவது அவைதான்.

கிளம்பும்போது பலகையிலிருந்து உங்கள் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது அங்கேயே இருந்தால் நீங்கள் போன பிறகும் அந்தச் சேனலுக்காக யாராவது ஒருவர், கையில் பேட்டரியுடன், காத்துக்கொண்டிருப்பார்.